கவிசா மேல் விழாத மழை

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில் பிறந்த நாள் முதல் கவிசாவின் மேல் ஒரு துளி மழையும் விழுந்ததில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அவளைத் தூக்கி வந்த அன்று அடைமழை. தாய் தேவமலர் தொப்பலாக நனைந்தாள், பிள்ளை காய்ந்தே இருந்தது. தகப்பன் தங்கராசா ஆச்சரியப்படவில்லை. கடல் கடந்து ஆண்ட பழைய சக்கரவர்த்தி வம்சம் தங்களுடையது என்றும், அந்த வெண்கொற்றக்குடைதான் கண்ணுக்குத் தெரியாமல் பிள்ளையைத் தேடி வந்திருக்கிறது என்றும் தான் வேலை செய்த பேக்கரியில் உடன் இருந்தவர்களுக்கெல்லாம் சொன்னார். அவர்கள் தலையாட்டிவிட்டு மாவைப் பிசைந்தார்கள். மேலிருந்து விழும் எந்தத் தண்ணீரும் அவளைத் தொடாததால், தொட்டியில் உட்கார வைத்தே குளிப்பாட்டினார்கள்.

வம்சப் பெருமை அப்பாவுக்கு இனித்தது. கவிசாவுக்கு ஒரே ஆசைதான், ஒரு தடவையாவது மழையில் நனைய வேண்டும். மற்றப் பிள்ளைகள் பள்ளி முற்றத்தில் மழைக்கு வாயைத் திறந்து நிற்பதைப் பார்த்தால் அவளுக்குக் கால் நிலைகொள்ளாது. குடையை முந்திவிடலாமென்று ஓடினாள். டிராமோடு போட்டி போட்டு ஓடினாள், சைக்கிளில் பறந்தாள், தூறல் தொடங்கினால் பாடத்தின் நடுவிலேயே எழுந்து ஓடினாள். பனிகூட அவளைச் சுற்றி வட்டமாகத்தான் விழுந்தது. பாவம், சப்பாத்துகள் தேய்ந்ததுதான் மிச்சம்.

அவள் பெரியபிள்ளையானதும் மண்டபம் எடுத்துச் சாமத்தியவீடு வைத்தார்கள். தாய்மாமன் தபோதரன் வார்த்த தண்ணீர் அவள் தலைக்கு மேலே விரிந்து வழிந்து, சுற்றி நின்ற மாமிமாரின் பட்டுச்சேலைகளை நனைத்தது. வீடியோக்காரர் இன்னொரு தரம் வார்க்கச் சொன்னார். வாளியோடு கவிழ்த்தும் அதே கதைதான்.

"என்னால ஏலாது அத்தான்," என்றார் தபோதரன்.

கவிசா தகப்பனைப் பார்த்தாள். "அப்பா, உங்களுக்குத்தானே இந்தக் குடையில ஆசை. நீங்களே வைச்சிருங்கோ. எனக்கு வேண்டாம்."

தங்கராசாவின் முகம் விழுந்துவிட்டது. எத்தனையோ தலைமுறை காத்த அரசை ஒரு செம்புத் தண்ணீருக்காகத் தூக்கி எறிகிறாளே என்று நெஞ்சு எரிந்தது. ஆனால் பிள்ளையின் உதடு நடுங்குவதைப் பார்த்தவர், "ஓம், தா," என்றார்.

அடுத்த செம்பு அவள் உச்சியில் நேராக விழுந்தது. கவிசா மூச்சுத் திணறிச் சிரித்தாள். தேவமலர் அழுதாள்.

அன்று முதல் குடை தங்கராசாவின் மேல் நிற்கிறது. மழை நாட்களில் டிராம் நிறுத்தத்தில் அயலவர்கள் அவரோடு ஒட்டி நிற்பார்கள். அவரும் தள்ளி நின்று இடம் கொடுப்பார். கவிசா மட்டும் வட்டத்துக்கு வெளியே தெப்பமாக நனைந்துகொண்டிருப்பாள்.

"குளிருதோ பிள்ளை?" என்று கேட்பார்.

"ஓம் அப்பா," என்பாள் பல் கிடுகிடுக்க. டிராம் வந்தாலும் ஏறமாட்டாள். "நீங்கள் போங்கோ, நான் அடுத்ததில வாறன்."