அப்பாவின் தொப்பியைத் தேடி வந்தவர்கள்

என் அப்பா டோர்கில், அந்துப்பூச்சி இனத்தோடு பேச்சை முறித்துக்கொண்டவர். அம்மா கடைசியாகப் பின்னிக் கொடுத்த கம்பளிச் சட்டையை ஏதோ ஒரு அந்தின் புழு தின்றுவிட்டது. அன்றிலிருந்து எங்கள் ஊர் வண்ணத்துப்பூச்சி சங்கத்தின் தலைவரான அவருக்கு எல்லா அந்தும் எதிரி. நான் காதலித்ததோ, அந்துப்பூச்சி வளர்க்கும் ஆஸ்கேயை.

"தாராளமா அவனைக் கட்டிக்கோ. சர்ச்சுல கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போக வேற ஆளைப் பாத்துக்கோ," என்று சொல்லிவிட்டார்.

அவர் கையைப் பிடிக்காமல் அந்த வாசலைத் தாண்ட எனக்கு மனம் வரவில்லை. அதனால், ஆஸ்கேயோடு ஒரு நாள் பழகினால் மனம் மாறுவார் என்று நம்பி, ஏப்ரல் மாதத்தில் நல்ல வெயில் அடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சங்கத்தின் கணக்கெடுப்புக்கு ஆஸ்கேயின் காரிலேயே அவரைப் புதர்வெளிக்கு அழைத்துப் போனோம். அப்பா தொப்பியைக் கழற்றிப் பின்சீட்டில் இருந்த வலைப்பெட்டியின் மேல் வைத்தார். உள்ளே, அன்று காலைதான் கூட்டிலிருந்து வெளிவந்த ஒரு பெண் மயில்கண் அந்து. அப்பா கவனிக்கவில்லை. நாங்களும் வாயைத் திறக்கவில்லை.

மத்தியானம் புதர்வெளியில் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தபோது, செம்மஞ்சள் நிறத்தில் ஏதோ ஒன்று வேகமாக வந்து அப்பா மறுபடி மாட்டியிருந்த தொப்பியைச் சுற்றியது. பின்னாலேயே இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் ஒரு கூட்டமே வந்துவிட்டது.

"கெர்டா, இங்க வா," என்று சங்கத்தின் செயலாளரை அழைத்தார் அப்பா. "இந்த மாசத்துல இப்படி ஒரு வண்ணத்துப்பூச்சி நம்ம நாட்டுலயே கிடையாது. புதுசு. என்னைத் தேடி வந்திருக்கு பாரு."

கெர்டா கேமராவை எடுத்தாள். நான் ஆஸ்கேயின் காலை மிதித்தேன். பேசாமல் இருந்தால் அப்பா சந்தோஷமாக வீடு திரும்புவார். எங்கள் காரியமும் நடக்கும்.

"டோர்கில், அது உங்களைத் தேடி வரல," என்றான் அந்த மடையன். "உங்க தொப்பியில ஒரு பெண்ணோட வாசனை இருக்கு."

"எந்தப் பெண்ணோடது?" என்றாள் கெர்டா, கேமராவைத் தாழ்த்தாமல்.

ஒன்று அப்பாவின் சட்டைக்கையில் உட்கார்ந்தது. இறக்கையை மேலே மடக்கிக் கூப்பாமல், பாய் மாதிரி விரித்தது. அப்பா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் குனிந்தார். வண்ணத்துப்பூச்சியின் மீசை நுனியில் இருக்கும் குமிழ் இதற்கு இல்லை. பறவை இறகு மாதிரி இரண்டு பக்கமும் கிளை விட்டிருந்தது.

"அந்து," என்றார்.

"பட்டப்பகல்ல பறக்கற ஜாதி," என்றான் ஆஸ்கே. " பெண் ரொம்ப தூரத்துல இருந்தாலும் அந்த மீசையாலயே மோப்பம் பிடிச்சிடும்."

"இதோட புழுதான் என் சட்டையைத் தின்னுச்சா?"

"இல்ல. அது வேற குடும்பம். இதோட புழுவுக்கு இலைதான் சாப்பாடு. வளந்த பிறகு இதுக்கு வாயே கிடையாது. சாப்பாடில்லாம, இருக்கற கொஞ்ச நாளும் ஜோடியைத் தேடறது மட்டும்தான் வேலை."

அப்பா வெகுநேரம் அதையே பார்த்தார். "வாயில்லாத மாப்பிள்ளை. உன்னை விட இதுவே பரவாயில்லடா," என்று முணுமுணுத்தவர், "அந்தப் பெண்ணைக் காட்டு," என்று காரை நோக்கி நடந்தார்.

சாயங்காலம் பெட்டிக்குள் ஒரு ஜோடி சேர்ந்திருந்தது. அப்பா பின்சீட்டை விட்டு நகரவே இல்லை.

"முட்டைங்க எங்கிட்டயே இருக்கட்டும். கல்யாணத்தை ஜூன்ல வெக்காதீங்க," என்றார். "புழுவெல்லாம் கூடு கட்டி முடிக்கட்டும். செப்டம்பர்ல வந்து உன் கையைப் பிடிக்கறேன்."

"ஜூனுக்குச் சர்ச்செல்லாம் சொல்லி வெச்சாச்சுப்பா. ஆஸ்கே, நீயாவது சொல்லேன்."

"அவர் சொல்றது சரிதான்," என்றான் ஆஸ்கே. "பாதியில விட்டுட்டு வர முடியாது."