பதினான்காவது கையெழுத்து

வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் கலைந்த ஐந்தாம் நாள் ஸ்ரீரங்கத்தில் வாந்திபேதி தொடங்கியது. 1934-ஆம் வருஷம். வடக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் பதினான்கு வீடுகளுக்கும் சேர்த்து ஒரே கிணறு. அதில் மருந்து போட வந்த சுகாதார இன்ஸ்பெக்டர் பாக்கியநாதனைச் சந்து முனையிலேயே நிறுத்திவிட்டார்கள்.

"பெருமாள் திருவாராதனத்துக்குப் போற தீர்த்தம் இது. கண்ட உப்பையும் இதுல கரைக்க விடமாட்டோம்," என்றார் சேஷு ஐயங்கார். சந்தில் மூத்தவர். கல்யாணமோ சிராத்தமோ, அவர் தலையசைக்காமல் அங்கே எதுவும் நடக்காது.

"அப்படின்னா எழுதிக் கொடுத்துடுங்க," என்றார் பாக்கியநாதன்.

மருந்து வேண்டாம் என்று எழுதிய காகிதம் வீடு வீடாகப் போனது. பதிமூன்று பேர் கையெழுத்துப் போட்ட பிறகு தேசிகனிடம் வந்தது. திருச்சியில் ஒரு ஹைஸ்கூலில் சயன்ஸ் வாத்தியார் அவர். வாந்திபேதி தண்ணீரால் பரவும் என்று வருஷா வருஷம் கரும்பலகையில் படம் போட்டு நடத்துகிறவர். காகிதத்தை இரண்டு தரம் படித்தார். சேஷு ஐயங்கார் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தார். தேசிகன் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

உள்ளே வந்தவரிடம் மனைவி கோதைநாயகி கேட்டாள்: "போட்டுட்டேளா?"

"எல்லாரும் போட்டிருக்கா. நான் ஒருத்தன் மாட்டேன்னு சொல்லி என்ன ஆகப்போறது?"

அன்று முதல் அந்த வீட்டில் குடிக்கும் தண்ணீர் எல்லாம் கொதிக்க வைத்து ஆறியதுதான். வைக்கச் சொன்னவர் தேசிகன். வெளியில் யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று சொன்னவரும் அவர்தான்.

மூன்றாம் நாள் காலையில் அடுத்த வீட்டு வேதவதிக்கு வாந்திபேதி கண்டது. மத்தியானத்துக்குள் கண்கள் குழிந்து, குரல் போய்விட்டது. அவள் புருஷன் அழகியமணவாளன் வண்டிக்கு ஓடினான். வண்டி வந்து நின்றபோது ஏற்றிக்கொள்ள ஆள் உயிரோடு இல்லை. அவளுக்கு இருபத்தாறு வயது. தேசிகன் துக்கத்துக்குப் போய்த் தாழ்வாரத்தில் உட்கார்ந்தார். குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள். அதைத் தொட அவருக்குக் கை வரவில்லை. தொடாமல் இருப்பதை யாராவது பார்க்கிறார்களோ என்று சுற்றிலும் பார்த்துக்கொண்டார். அப்படிப் பார்த்த தன் கண்ணை நினைத்து அவருக்கே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் விடிந்ததும் பாக்கியநாதனைத் தேடிப் போனார்.

"எழுதிக் கொடுத்திருக்கீங்க சார், நான் அங்க வர முடியாது," என்றார் அவர். பிறகு கொஞ்சம் யோசித்து ஒரு தகர டப்பாவை எடுத்து நீட்டினார். "நீங்க அந்தத் தெருக்காரரு. வாளித் தண்ணியில கரைச்சு ஊத்துங்க. நாலஞ்சு தரம் வாளியை இறக்கி ஏத்தினா கலந்துடும்."

தேசிகன் திரும்பியபோது கிணற்றடியில் பெண்கள் குடங்களோடு நின்றிருந்தார்கள். ஒரு வாளி இறைத்து, டப்பாவைத் திறந்து கருஞ்சிவப்பு உப்பைக் கொட்டினார். பாதி கல்லில் சிந்தியது. யாரோ ஓடிப்போய்ச் சொல்ல, சேஷு ஐயங்கார் வந்துவிட்டார். அவர் பின்னால் ஏழெட்டு ஆண்கள்.

"கயத்தை விடும்," என்றார்.

தேசிகன் விடவில்லை.

"நீரும்தானே கையெழுத்துப் போட்டீர்? இத்தனை தெரிஞ்சவர் அன்னிக்கு ஏன் வாயைத் திறக்கலை?"

அழகியமணவாளன் தன் வீட்டு வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவனைப் பார்க்காமல் பேசிவிடலாம் என்று முதலில் தோன்றியது. பிறகு அவன் பக்கமே திரும்பினார்.

"பயந்துண்டு போட்டேன். இந்தத் தண்ணியைக் குடிக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். எங்காத்துல அன்னிலேர்ந்து காய்ச்சித்தான் குடிக்கறோம். உங்க யாருக்கும் சொல்லலை."

கயிற்றைப் பிடிக்க வந்த ஒருவர் கை அப்படியே நின்றது. தேசிகன் வாளியைக் கிணற்றில் கவிழ்த்தார். நாலு தரம் இறக்கி ஏற்றினார். தண்ணீர் ரோஜா நிறமாயிற்று. பெண்கள் காலிக் குடங்களோடு திரும்பினார்கள்.

அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்கு யாரும் போகக்கூடாது என்று தீர்மானமானது. அடுத்த வாரம் அவர் அப்பாவுக்குச் சிராத்தம். அதைப் பண்ணிவைக்கும் புரோகிதர் வர முடியாது என்று சொல்லியனுப்பினார். சந்தே திரண்டு காவேரிக்குப் போய்த் தண்ணீர் சுமந்தது. அந்தச் சந்தில் அதன்பிறகு யாருக்கும் வாந்திபேதி காணவில்லை. மருந்தாலா, கிணற்றை விட்டதாலா என்று சொல்ல முடியாது. நோய் தணிய எல்லாரும் சேர்ந்து செய்த ஹோமத்தால்தான் என்றார் சேஷு ஐயங்கார். பெரும்பாலோர் அதையே நம்பினார்கள்.

மருந்து போட்ட ஐந்தாம் நாள் அழகியமணவாளன் கிணற்றடிக்கு வந்தான். தீட்டுக் காலம், அவனுக்கு ஆற்றிலிருந்து கொண்டுவந்து தர யாரும் இல்லை. தேசிகன் அப்போதுதான் இரண்டாம் முறை மருந்து கரைத்திருந்தார். அவன் சிவந்த தண்ணீரை இறைத்து, நின்ற இடத்திலேயே ஒரு கை அள்ளிக் குடித்தான். மாடியிலிருந்தும் ஜன்னல்களிலிருந்தும் சந்து முழுக்கப் பார்த்தது. மறுநாள் இரண்டு வீட்டுக் குடங்கள் வந்தன. மாதம் முடிவதற்குள் எல்லா வீட்டுக் குடங்களும் வந்துவிட்டன.

அதற்குப் பிறகு பதினோரு வருஷம் அவர்கள் இருவரும் அடுத்தடுத்த வீட்டில் இருந்தார்கள். அழகியமணவாளன் தேசிகனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. தேசிகனும் அவனைப் பேசச் சொல்லிக் கேட்கவில்லை.