கருங்கல் சட்டைக்கு இஸ்திரி

சிலை திறந்த பதினோராம் நாள், போர்வீரனின் கருங்கல் சட்டை கசங்கியது. முதலில் முழங்கையில் நாலு சுருக்கம். வாரம் முடிவதற்குள் முதுகு, காலர், பை எல்லாமே பேருந்தில் படுத்துத் தூங்கி எழுந்தவனின் சட்டைபோல ஆகிவிட்டன. முதலில் பார்த்தது பால்காரர். மழை வரும்போல் இருக்கிறது என்கிற குரலில் நாலு வீட்டில் சொல்லிவிட்டுப் போனார்.

காரணம் ஊருக்கே தெரியும். சிலை நிற்கிற அந்தத் தெருமுனையில் இருபத்தாறு வருடம் நின்றது அவனுடைய அக்காவின் இஸ்திரி மேசை. தாய் தகப்பன் இல்லாத தம்பியை அதன் அடியில் தூங்கவைத்து, அதன் ஓரத்திலேயே எழுதப் படிக்கவைத்து ஆளாக்கினாள். அவன் பட்டாளத்துக்குப் போனான். காயம்பட்ட முப்பத்தோரு பேர் ஆற்றைக் கடக்கும்வரை பாலத்தில் தனியாக நின்று செத்தான். பதக்கம் வந்தது, பின்னாலேயே நினைவுக் குழுவும் வந்தது. குழுத் தலைவரான மரக்கடைக்காரர், வீரன் நிற்கிற இடத்தில் அழுக்குத் துணி மூட்டை கிடந்தால் கண்ணை உறுத்தும் என்றார். ஆக, அவனை வளர்த்த மேசையை, அவனுக்கு மரியாதை செய்வதற்காகவே, ஊர்க் குப்பைமேட்டுப் பக்கம் கொண்டுபோய்ப் போட்டார்கள். திறப்பு விழாவில் அக்காவுக்கு ஒன்பதாவது வரிசை, அதுவும் தூணுக்குப் பின்னால். பீடத்தில் குழுவினர் பன்னிரண்டு பேரின் பெயர்கள் அவன் பெயரைவிடப் பெரிய எழுத்தில்.

சிற்பி ஒரு சுருக்கத்தைச் செதுக்கி எடுத்தால் பக்கத்தில் இரண்டு விழுந்தன. அவர் கையை விரித்துவிட்டார். போர்வை போட்டு மூடினார்கள், போர்வையும் கசங்கியது. தளபதி மாலை போட வருவதற்கு நான்கு நாள் இருக்கும்போது, தலைவர் மூக்கைப் பொத்திக்கொண்டு குப்பைமேட்டுக்குப் போனார்.

“ஒரு தடவை வந்து தேச்சுக் குடுத்துடுங்கம்மா. ஊர் மானம் போகுது.”

அவள் யாருடைய கால்சட்டையையோ மடித்துக்கொண்டே கேட்டாள். “மேசையத் தூக்குறப்ப போகலயா அது?”

“அத ஏன் இப்ப… ஏணி, ஆள் எல்லாம் நான் அனுப்புறேன்.”

“ஏணி இருக்கட்டும். இங்கேர்ந்து என் கை அவ்வளவு தூரம் எட்டாது. மேசை பழைய இடத்துக்கு வரட்டும், தேய்க்கிறேன்.”

அன்று மதியமே நகராட்சி ஆட்கள் நான்கு பேர் மேசையைத் தோளில் சுமந்து வந்தார்கள். தலைவர் முன்னால் நடந்து வழி விலக்கினார். அவள் பெட்டியில் கரி போட்டு, ஊதி, கனல் ஏறியதும் ஏணியில் ஏறினாள். கல்மேல் தண்ணீர் தெளித்தாள். எப்போதும்போல முதலில் காலர், பிறகு தோள், பிறகு கை. கருங்கல் ஆவி விட்டு இளகி, அவள் இழுத்த பக்கம் வந்தது. நெஞ்சுக்கு வந்தபோது கல் பதக்கத்தை இடது கையால் நிமிர்த்திப் பிடித்தாள், கீழே தேய்க்க வேண்டுமே. அங்கே சட்டையில் ஒரு ஓட்டை இருந்தது. சுண்டுவிரல் நுழையும் அளவு. ஓரம் கருகியிருந்தது. தான் அதைச் செதுக்கவில்லை என்று சிற்பி பதறினார்.

அவள் பெட்டியை ஏணிப் படியில் வைத்துவிட்டு ஓட்டையையே பார்த்தாள். பிறகு தலைவரைப் பார்த்தாள்.

“இத மறைக்கத்தான் இதக் குத்துனீங்களா?”

அவள் பதக்கத்தைக் கழற்றி இரண்டு விரற்கடை தள்ளிக் குத்தினாள். ஓட்டையைச் சுற்றி நிதானமாகத் தேய்த்துவிட்டு இறங்கினாள்.

தளபதி வந்தார், ஓட்டையைப் பார்த்தார், எழுதி வந்த பேச்சை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். குழு அந்த ஓட்டையை இரண்டு முறை சிமென்ட் வைத்து அடைத்தது, இரண்டு முறையும் விடிவதற்குள் உதிர்ந்துவிட்டது. அப்புறம் விட்டுவிட்டார்கள். சட்டை இன்றும் வாரத்துக்கு ஒரு முறை கசங்குகிறது. மேசையை அங்கிருந்து அசைக்கிற பேச்சை யாரும் எடுப்பதில்லை. சனிக்கிழமை காலையில் துணியோடு போகிறவர்கள் அவள் ஏணியில் நிற்பதைப் பார்த்தால் மூட்டையைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். அவசரப்படுகிறவர்கள் வெளியூர்க்காரர்கள்தான். அவர்களிடம் அவள் திரும்பாமலே சொல்கிறாள்: “இருங்க, தம்பி சட்டை முடியட்டும்.”