பொத்தான் இல்லாத அங்கி

பெய்ஜ் அந்த நீல அங்கியைக் கம்பியிலிருந்து உருவி வெளிச்சத்தில் பிடித்ததும், டோரின் க்வோக் கையிலிருந்த விசிறிகளை மேஜைமேல் வைத்துவிட்டாள்.

"இது! இதத்தான் காலைலேர்ந்து தேடிட்டிருக்கேன்," என்றாள் பெய்ஜ். "பொத்தானே இல்ல பாருங்க, வெறும் நாடா. பாட்டு நடுவுல ஒரே இழுப்பு, கழண்டு விழுந்துடும். எங்க மார்லோவுக்குன்னே தச்ச மாதிரி இருக்கு."

யாருக்குத் தைத்தது என்று டோரினுக்குத் தெரியும். அவளுடைய அப்பா சவப்பெட்டிக்குள் உடுத்திக்கொள்ள வேண்டிய அங்கி அது. அந்த வகை உடையில் பொத்தான் வைக்கும் வழக்கமில்லை. சீனப் பஞ்சாங்கத்தில் ஒரு மாதம் கூடுதலாக வந்த வருஷம், அந்த மாதத்தில் தைத்துவைத்தால் ஆயுசு நீளும் என்று, ஹாங்காங்குக்கு அளவு அனுப்பிக் கிழவர் வரவழைத்தது. வீட்டில் பூச்சி அரிக்கும், கடையில் ஏ.சி. எப்படியும் ஓடத்தானே போகிறது என்று கணக்குப் போட்டு, வாடகை உடைகளின் கடைசிக் கோடியில் அவரே மாட்டினார். சாவுத் துணியைச் சரக்கோடு சரக்காகத் தொங்கவிட வியாபாரிக்குத்தான் மனசு வரும்.

லாஸ் ஏஞ்சலஸ் சைனாடவுனில் நாற்பது வருஷமாக நடக்கும் கடை. பாட்டுப் படம் எடுக்கிறவர்களுக்குச் சீனாவை வாடகைக்கு விடுகிற கடை. ஆனால் சீனாவில் யாரும் கண்ணால் பார்த்திராத சீனா. காகிதக் குடை, கூம்புத் தொப்பி, யாரும் சாப்பிட்டறியாத, கொண்டையில் செருக மட்டுமே உதவும் குச்சிகள். அப்படியொரு படத்துக்கு உடை தேடி வந்த பெய்ஜ், காலையில் நுழைந்ததும் பாட்டைப் போட்டுக் காட்டினாள். முதலில் ஒரு வெண்கலத் தட்டு அதிர்ந்தது. பிறகு மூங்கில் குழல். பிறகு பாடகி மார்லோ, ஷாங்காய் நிலாவில் கிமோனோ கட்டிக்கொண்டு தன் குட்டிப் புத்தருக்காகக் காத்திருப்பதாகப் பாடினாள். மூன்று தேசம், ஒரே மூச்சில். டோரின் தலையாட்டிவைத்தாள். பள்ளிக்கூட நாளிலிருந்து வேறு வேறு தொண்டைகளில் இதே பாட்டைத்தான் கேட்டுவருகிறாள். கோபப்படுவதற்கும் ஒரு தெம்பு வேண்டியிருக்கிறது. தவிர, இந்த ஆர்டர் கைவிட்டுப் போனால் கடையை மூட வேண்டியதுதான். கட்டடத்தை வாங்கியவன் சாவி கேட்டு இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டான்.

"அது வாடகைக்கு இல்ல," என்றாள். "மத்ததெல்லாம் எடுத்துக்குங்க."

"இது இல்லேன்னா மத்தது எனக்கு எதுக்கு? இத வச்சுத்தான் முழு செட்டையும் கட்டணும்."

உண்மையைச் சொன்னால் தொடவே கூசிப் போட்டுவிடுவாள் என்று டோரின் நினைத்தாள். சொன்னாள். எங்கப்பாவோடது, அவர் செத்தப்புறம் போட்டுக்க.

பெய்ஜ் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். கண் கலங்கியே விட்டது. "ஐயோ, எவ்ளோ ஆழமா இருக்கு! சாவு, மறுபிறப்பு... பாட்டே அதானே. மார்லோ கேட்டா அழுதுடுவா. வாடகை வேணாம், விலைக்கே வாங்கிக்கறோம். நீங்களே ஒரு விலை சொல்லுங்க."

கல்லாவுக்குப் பின்னால் முலாம்பழ விதை கொறித்துக்கொண்டிருந்த கிழவர் க்வோக் விங் தலை தூக்கினார். பேரம் நடக்கையில் அவருக்கு ஆங்கிலம் வராது. நாற்பது வருஷமாக அப்படித்தான். எதிராளி தன் கூட்டாளியிடம் கிசுகிசுப்பதைக் கேட்க அதைவிட நல்ல உபாயம் கிடையாது.

"என்னம்மா சொல்றா?" என்றார் கான்டனீஸில்.

"கேட்டீங்கல்ல. நடிக்காதீங்கப்பா."

"விலைக்கா கேக்கறா?"

"ம். ஆர்டரும் அதுலதான் தொங்குது."

கிழவர் விதைத் தோலை உள்ளங்கையில் துப்பினார். பார்வை அங்கிமேலேயே இருந்தது. குடுத்துடலாம், இன்னொண்ணு தச்சுக்கறேன் என்பார் என்று டோரினுக்குத் தோன்றியது. அப்படிச் சொல்லிவிட மாட்டாரா என்று ஒரு ஆசையும் எட்டிப்பார்த்தது, தன்மேலேயே அருவருப்பாக வந்தது.

அவர் பெய்ஜ் பக்கம் திரும்பி, தெளிவான ஆங்கிலத்தில் கேட்டார்: "பாடற பொண்ணுக்கு என்ன வயசு?"

டோரின் திடுக்கிட்டாள்.

"இருபத்திரண்டு."

"அம்மா இருக்காங்களா அவளுக்கு?"

"இருக்காங்க... ஏன்?"

"அவங்ககிட்ட போய்க் கேளு. பெத்த பொண்ணுக்குப் பாடைத் துணி சுத்தி ஆட விடலாமான்னு கேளு." சுவரில் தொங்கிய சிவப்புக் கல்யாண உடையைக் காட்டினார். "அத எடுத்துட்டுப் போ. வாடகை வேணாம். சும்மா எடுத்துக்கோ."

கிழவர் வாயிலிருந்து 'சும்மா' என்ற வார்த்தையை அந்தக் கடை கேட்டதில்லை.

"சிவப்பு எல்லாப் பாட்டுலயும் வந்துடுச்சே," என்று முனகிய பெய்ஜ், அங்கியை மேஜைமேல் கிடத்தினாள். "ஒரு நிமிஷம். மேலிடத்துல கேட்டுட்டு வரேன்." போனைக் காதில் வைத்தபடி வெளியே நடைபாதைக்குப் போனாள்.

"கடை போயிடும்ப்பா," என்றாள் டோரின்.

"தெரியும்."

"அவ திரும்பி வந்து இதையேதான் கேப்பா."

"கேக்கட்டும்." கிழவர் எழுந்து அங்கியை எடுத்தார். கம்பளிச் சட்டைமேலேயே போட்டுக்கொண்டு நாடாக்களை ஒவ்வொன்றாக முடிந்தார். கடைசி நாடா எட்டவில்லை. டோரின் குனிந்து கட்டிவிட்டாள். தோளில் கொஞ்சம் தொளதொளத்தது; தைத்த நாளிலிருந்து மனிதர் இளைத்திருக்கிறார்.

வாசலில் சுற்றுலாப் பேருந்து ஒன்று வந்து நின்றது. இறங்கியவர்களில் ஒருத்தி கடைக் கண்ணாடி வழியே கிழவரைப் பார்த்துவிட்டு மற்றவர்களைக் கூப்பிட்டாள். பெய்ஜ் போனில் பேசியபடியே மறு காதைப் பொத்திக்கொண்டு விலகி நின்றாள். நாலைந்து கேமராக்கள் உயர்ந்தன. கிழவர் அவர்களைப் பார்த்தார். அவர் கைகள் இரண்டும், யாரும் சொல்லாமலே, சினிமாவில் வரும் சீனக் கிழவரைப்போல அங்கியின் எதிரெதிர்க் கைக்குள் நுழைந்துகொண்டன. தலை மெல்லத் தாழ்ந்தது.