இரவு ஷிஃப்ட் ஓடாத கம்பெனி

ரஞ்சிதாவுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். அன்று புதன்கிழமை, ஓசூர் சிப்காட்டில் கம்பெனி கேட்டுக்கு வெளியே கருப்பசாமி அவளை மறித்துக்கொண்டு நின்றபோதும் அப்படித்தான் சிவந்தது. ஷிஃப்ட் மாறுகிற நேரம். நூறு பேர் பார்க்க ஓர் ஆள் நடுரோட்டில் சத்தம் போட்டால் யாருக்குத்தான் சுர்ரென்று ஏறாது?

"ஏம்மா, கம்ப்யூட்டர்ல ஏத்துனது நீதான? ரெண்டு வருசத்துல நான் முன்னூத்திப் பதினோரு நாளுதான் வேலை பாத்தேனாம்ல. மிச்ச நாளெல்லாம் யாரு வந்து இரும்பு தூக்குனது, உங்கப்பனா?"

"மரியாதையா பேசுங்கண்ணா. பேப்பர்ல என்னா இருந்துச்சோ அதான் ஏறியிருக்குது. பக்கத்துக்குப் பக்கம் பாத்து நான் கையெழுத்துப் போட்டிருக்கறேன்."

"நல்லாப் பாத்த போ! மாசம் எட்டு நாளு நைட்டு ஷிஃப்ட்டு பாத்திருக்கேன் தாயி. லிஸ்ட்டுல ஒரு நைட்டு கூட இல்ல. ஒண்ணு கூட!"

கருப்பசாமி விருதுநகர்ப் பக்கத்து ஆள். இரும்பைக் காய்ச்சி அடிக்கும் ஃபோர்ஜிங் ஷாப்பில் கான்ட்ராக்ட் தொழிலாளி. இருபத்து நாலு மாதத்தில் நானூற்று எண்பது நாள் வேலை பார்த்தவனை நிரந்தரமாக்க வேண்டும் என்பது சட்டம். அந்தச் சட்டத்துக்குப் பயந்தே அவனையும் இன்னும் முப்பது பேரையும் நான்கு மாதத்துக்கு முன் வெளியே அனுப்பிவிட்டார்கள். அவர்கள் மனுப் போட்டார்கள். யாருமே நானூற்று எண்பது நாள் தொடவில்லை என்று கம்பெனி போன மாதம் பதில் கொடுத்தது. நாள்வாரி லிஸ்ட் நேற்றுதான் அவர்கள் கைக்கு வந்திருந்தது. வெள்ளிக்கிழமை தொழிற்சாலை ஆய்வாளர் முன் விசாரணை. அதில் அந்த லிஸ்ட் செல்லுபடியாகிவிட்டால் கருப்பசாமியின் வேலை போனது போனதுதான்.

ரஞ்சிதா அவனைத் தாண்டி உள்ளே போய்விட்டாள். ஆனால் 'ஒண்ணு கூட' என்ற வார்த்தை அவளை விடவில்லை. பத்து நாள் விட்டுப்போயிருந்தால் கைத்தவறு. ஒன்று விடாமல் எல்லாம் போகுமா?

லிஸ்ட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய அந்த வேலையில் அவளுக்கு அவ்வளவு பெருமை இருந்தது. டைம் ஆபீஸில் கோவிந்தப்பன் என்று ஒருவர். தளியில் பிறந்தவர், பாதி தெலுங்கு, பாதி தமிழ், கோபம் வந்தால் கன்னடம். கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து ஆஜர்ப் பதிவேட்டை அகல டைப்ரைட்டரில் அடித்து வந்தவர், போன வருஷம்தான் ஓய்வு பெற்றார். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வரி, ஒவ்வொரு தேதிக்கும் ஒரு கட்டம். வந்த நாளுக்கு 'P' என்று அடிப்பார், வராத நாளுக்குக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவார். அந்தத் தாள்களையெல்லாம் ஸ்கேன் செய்து, எழுத்தை அடையாளம் காணும் சாஃப்ட்வேரில் போட்டு, திருத்தவும் கூட்டவும் வசதியான ஃபைலாக மாற்றித் தருவதற்கு ரஞ்சிதாவை எடுத்திருந்தார்கள்.

முதல் வாரம் சாஃப்ட்வேர் அவளைப் பாடாய்ப் படுத்தியது. தாளில் அச்சடித்திருந்த சிவப்புக் கோடுகளையும் அது எழுத்தென்று நினைத்து, பக்கம் முழுக்க '1' எண்ணும் குறுக்குக் கோடுமாக வாந்தி எடுத்து வைத்தது. சொல்லிக் கொடுக்க ஆளில்லை. அவளே ஒவ்வொரு மெனுவாகத் திறந்து பார்த்து, ஸ்கேன் செய்யும்போதே ஒரு நிறத்தை நீக்கிவிடும் வசதியைக் கண்டுபிடித்தாள். சிவப்பு என்ற இடத்தில் ஒரு டிக் போட்டாள். கோடுகள் காணாமல் போயின. பக்கம் கண்ணாடி மாதிரி வந்தது. மேனேஜர் சுரேந்தர் கையைக் குலுக்கினார். ஆறு மாத வேலையை அவள் ஐந்து வாரத்தில் முடித்தாள்.

தாள்கள் டைம் ஆபீஸுக்குப் பின்னால் சாக்கு மூட்டைகளில் கிடந்தன. 5எஸ் என்று கம்பெனியை ஒழுங்குபடுத்தும் இயக்கம் நடந்துகொண்டிருந்ததால் மூட்டைகளின் மேல் 'வேண்டாதவை' என்று சீட்டு ஒட்டியிருந்தது. ஒரு மூட்டையின் வாயை அவிழ்த்து, கையில் வந்த தாளை உருவினாள். 2004 பிப்ரவரி. கருப்பசாமியின் வரியைத் தேடி விரலை ஓட்டினாள்.

முதல் வாரம் கறுப்பு. இரண்டாம் வாரம் கறுப்பு. மூன்றாம் வாரம் முழுக்கச் சிவப்பு.

கோவிந்தப்பனின் டைப்ரைட்டரில் இரட்டை நிற ரிப்பன். நைட் ஷிஃப்ட் பார்த்தவர்களுக்கு அவர் சிவப்பில் அடித்திருந்தார். டீ டோக்கன் கொடுக்க ஒரே பார்வையில் எண்ணிவிடலாம் என்பதற்காக அவரே வைத்துக்கொண்ட ஏற்பாடு. எங்கேயும் எழுதி வைக்கவில்லை. கோட்டை அழிக்கப் போட்ட டிக், ஆட்களையும் சேர்த்து அழித்துவிட்டது.

அவள் ஏமாந்த விதமும் அப்போதுதான் புரிந்தது. தாள்களைக் கட்டுக் கட்டாகக் கவிழ்த்து ஸ்கேனரில் வைத்தாள், அது தானாக இழுத்துக்கொண்டது. பிறகு திரையில் இடது பக்கம் படம், வலது பக்கம் எழுத்து. இரண்டையும் கண் வலிக்க ஒப்பிட்டாள், இரண்டும் ஒத்துப்போயின. ஒத்துப்போகாமல் என்ன செய்யும்? படத்திலேயே சிவப்பு இல்லையே. 'மூலத்துடன் ஒப்பிட்டுச் சரிபார்த்தேன்' என்று பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டவள் மூலத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தன்னையே நாலு அறை அறைய வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

தாளை எடுத்துக்கொண்டு சுரேந்தரின் அறைக்கு ஓடினாள். பத்து நாள் கொடுத்தால் முழுக்க மறுபடி ஸ்கேன் செய்து தந்துவிடுவதாகச் சொன்னாள். அவர் தாளை வாங்கிப் பார்த்தார். முகத்தில் ஒரு அதிர்ச்சியும் இல்லை.

"தெரியும் ரஞ்சிதா. ரெண்டாவது வாரமே கவனிச்சேன்."

"கவனிச்சீங்களா? கவனிச்சுட்டு சும்மாவா சார் இருந்தீங்க?"

"சாஃப்ட்வேர் எடுத்ததை நாம எதுக்கு மாத்தணும்? நான் யார் பேரையும் அடிக்கலையே. அந்த டிக்கைப் போட்டது யாரு? நீ. சரிபார்த்தேன்னு கையெழுத்துப் போட்டது யாரு? நீ." தாளை மடித்துத் தன் மேஜை டிராயரில் போட்டுக்கொண்டார். "வெள்ளிக்கிழமை என்கூட வா. கேட்டா ஆமான்னு சொல்லு, போதும். சனிக்கிழமை மூட்டையெல்லாம் பேப்பர் மில்லுக்குப் போயிடும். உன் கான்ட்ராக்டும் மார்ச்சோட முடியுது, ஞாபகம் இருக்கட்டும்."

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. திருடியவன் ஒருவன், அவன் கையில் சாவியைக் கொடுத்தவள் இவள். இவளைப் பாராட்டிக் குலுக்கிய கை அது. மத்திகிரியில் இருந்த வீட்டுக்கு டவுன் பஸ்ஸில் போகும்போது பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் டிக்கெட்டுக்குச் சில்லறை கேட்டதற்குக்கூட வள்ளென்று விழுந்தாள்.

வியாழக்கிழமை முழுக்க வேலை செய்கிற மாதிரி உட்கார்ந்து தன் ஃபைலையே முதல் பக்கத்திலிருந்து படித்தாள். இந்த முறை ஒரு வரியையும் விடவில்லை. மத்தியானத்துக்கு மேல் ஒரு பக்கத்தில் நின்று, இரண்டு முறை படித்து, அந்தப் பக்கத்தின் எண்ணைக் கைக்குட்டை ஓரத்தில் பேனாவால் எழுதிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை ஆய்வாளர் அறையில் கருப்பசாமியும் இன்னும் இரண்டு பேரும் சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கருப்பசாமி அவளை மனுஷியாகவே மதிக்காத பார்வை பார்த்தான். ஆய்வாளர் நடுத்தர வயதுப் பெண்மணி. தடித்த ஃபைலைப் புரட்டியபடி கேட்டார்.

"இதைத் தயார் பண்ணது யாரு?"

"நான்தாங்க மேடம்."

"மூலத்தோட ஒப்பிட்டுப் பார்த்தீங்களா?"

"பார்த்தாங்க மேடம்" என்றார் சுரேந்தர்.

"அவங்களைக் கேட்டேன்."

"இல்லைங்க மேடம்" என்றாள் ரஞ்சிதா. அவள் குரல் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. "ஸ்கேன் பண்ண படத்தோடதான் ஒப்பிட்டேன். கோடு போகணும்னு சிவப்பை எடுத்துட்டேன். நைட் ஷிஃப்ட் பூராவும் சிவப்புலதான் அடிச்சிருக்குது, அதுவும் போயிடுச்சு. தப்பு என்னுதுதான். ஆனா புதன்கிழமையே சார்கிட்ட சொல்லிட்டேன்."

சுரேந்தர் சிரித்தார். "மேடம், இது கான்ட்ராக்ட் பொண்ணு. இந்த ஆளுங்களோட பேசி வெச்சுக்கிட்டு வந்து ஏதோ உளறுது. இப்படி வாய்ல சொல்றதுக்கு ஆதாரம் வேண்டாமா?"

"ஆதாரம் ஃபைல்லயே இருக்குதுங்க மேடம். நூத்தி எழுபத்து ரெண்டாம் பக்கம் பாருங்க."

ஆய்வாளர் புரட்டினார்.

"இந்த ஃபைல் நெசம்னா ரெண்டு வருஷமா எங்க கம்பெனியில நைட் ஷிஃப்ட்டே ஓடலைங்க. ஃபர்னஸ் ஆளு வரல, செக்யூரிட்டி வரல. அந்தப் பக்கத்துல நாலாவது பேரு சாரோடது. அப்ப சார் ஷிஃப்ட் இன்சார்ஜ். இதும்படி சாரும் மாசம் எட்டு நாளு வேலைக்கே வரல. வரலைன்னு சாரைச் சொல்லச் சொல்லுங்க, இதெல்லாம் சரின்னு நான் மறுபடியும் கையெழுத்துப் போடறேன்."

ஆய்வாளர் விரலை நாலாவது வரியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"நீங்க நைட் ஷிஃப்ட் பார்த்தீங்களா இல்லையா, சுரேந்தர்?"

முப்பத்தோரு பேருடைய வரிகளைச் சுரேந்தர் சல்லடை போட்டுச் சலித்திருந்தார். தன் வரியைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

"பார்த்தேன் மேடம்" என்றார் கடைசியில்.

"மூலத் தாள்கள் எங்க?"

"கம்பெனியில, டைம் ஆபீஸ் பின்னாடி சாக்கு மூட்டையில" என்று ரஞ்சிதா முந்திக்கொண்டாள். "நாளைக்குப் பேப்பர் மில்லுக்குப் போவுது. பிப்ரவரி தாளு ஒண்ணு சாரோட டிராயர்ல இருக்குது."

ஆய்வாளர் விசாரணையை அத்துடன் நிறுத்திவிட்டு, ஜீப்பை எடுக்கச் சொன்னார். மூட்டைகள் அன்றே தன் ஆபீஸுக்கு வந்தாக வேண்டும் என்று சுரேந்தரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, அவரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்.

படிக்கட்டில் இறங்கும்போது கருப்பசாமி அவளுக்காக நின்றான். அவள் ஒரு நல்ல வார்த்தையை எதிர்பார்த்தாள், அதை மறைப்பானேன். மார்ச்சு வரைக்கும்கூடத் தன் வேலை இனிமேல் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

"கம்பெனி பதில் வந்தன்னைக்கு, இனி ஒண்ணும் நடக்காதுன்னு எம் பொஞ்சாதியையும் பிள்ளைகளையும் ஊருக்கு பஸ் ஏத்தி விட்டுட்டேன்" என்றான் அவன். குரலில் புதன்கிழமை இருந்த சத்தம் இல்லை, கோபம் மட்டும் அப்படியே இருந்தது. "பெரியவ அஞ்சாப்பு. பாதி வருசத்துல ஸ்கூலை விட்டு நிப்பாட்டி அவ ஆத்தா கூட்டிட்டுப் போனா. இன்னைக்குப் பேசுன பேச்செல்லாம் சரிதான் தாயி. அன்னைக்குக் கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு பேப்பரைக் கையில எடுத்துப் பாத்திருக்கலாம்ல?"

சுரேந்தர்மேல் வைத்திருந்த கோபத்தில் ஒரு துளியைக்கூட இந்தக் கேள்விக்குப் பதிலாகக் கொடுக்க முடியவில்லை.

"பாத்திருக்கணும்ணா" என்றாள் ரஞ்சிதா.