இருபது நிமிடத் தண்ணீர்

1

நிலநடுக்கம் வந்து ஐந்தாண்டு ஆனதையொட்டி எங்கள் ஊரில் ஒரு மலர் போடுகிறார்கள். தண்ணீரின் அருமையைப் பற்றி நாலு பக்கம் கதையாக எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். பேனாவும் காகிதமும் விற்பவனுக்கு எழுதவும் வரும் என்று நினைத்திருப்பார்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘தண்ணீர் இல்லாமல் மனிதன் மூன்று நாள்கூட’

அதோடு நிறுத்திவிட்டேன். இது எல்லாருக்கும் தெரியும். பிறகு குனிமி நினைவுக்கு வந்தார். கதையை அவரிடமிருந்து தொடங்கலாம்.

2

குனிமிக்கு ஐம்பத்தெட்டு வயது. மலைக்கு அந்தப் பக்கத்து நகரத்தில் தண்ணீர் லாரி ஓட்டுபவர். நிலநடுக்கத்துக்குப் பிந்தைய நான்காம் நாள், வெடித்துக் கிடந்த சாலையில் ஏழு மணி நேரம் ஊர்ந்து, இரண்டாயிரம் லிட்டரோடு எங்கள் கடலோர ஊருக்கு வந்து சேர்ந்தார். பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் தங்கியிருந்த முந்நூறு பேருக்குக் கொடுக்க வேண்டும் என்பது அவருக்கு இட்ட உத்தரவு.

(இங்கே ஒரு பத்தி பனியை வர்ணித்து அடித்துவிட்டேன். பனி பெய்துகொண்டிருந்தது, ஹெலிகாப்டர் வரவில்லை. இவ்வளவு போதும்.)

கூடத்து வாசலில் வரிசை காத்திருந்தது. குனிமி குழாயைத் திறந்து முதல் ஆளின் இரண்டு கேன்களையும் நிரப்பி முடித்தபோது, மேட்டிலிருந்து ஒரு பெண் சறுக்கியபடி ஓடி வந்தாள். மேலே இருக்கும் சிறு மருத்துவமனையின் நர்ஸ், அசானோ. மூச்சு வாங்கிக்கொண்டே லாரிக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“ஐயா, டயாலிசிஸ் ஆளுங்க பதினோரு பேர் இருக்காங்க. நாலு நாளாச்சு. மெஷின் நல்லாருக்கு, ஜெனரேட்டர் ஓடுது. தண்ணி மட்டும் இல்ல.”

எவ்வளவு வேண்டும் என்று கேட்டார் குனிமி. நேரத்தை மூன்று மணி நேரமாகக் குறைத்தாலும், வடிகட்டியில் வீணாவதையும் சேர்த்து, ஆளுக்கு நூற்றெண்பது லிட்டர் என்றாள். பதினோரு பேருக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது.*

குனிமி குழாயை மூடினார். கைப்பேசி வேலை செய்யவில்லை, உத்தரவை மாற்றித் தரக் கேட்க ஆளில்லை. வரிசையைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார்.

“இது உங்களுக்குன்னு கொண்டாந்த தண்ணி. நான் வெளியூர்க்காரன். நானா முடிவு பண்ண முடியாது. நீங்க சொல்லுங்க.”

* சிறுநீரகம் நின்றுபோனவர்களுக்கு ரத்தத்தைக் கழுவத் தண்ணீர் வேண்டும். குடிப்பதற்கல்ல. அவர்களில் பலர் நாளுக்கு மூன்று கோப்பைக்கு மேல் குடிக்கவும் கூடாது.

3

வரிசையில் இரண்டாவதாக நின்றவர் இசோபே என்ற அம்மாள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தவர். கூடத்துக்குள்ளே அவர் மருமகளும், பிறந்து ஐந்து வாரமான பேத்தியும்.

முதல் வரைவில் இசோபேயை வில்லி ஆக்கியிருந்தேன். தண்ணீரைத் தர மாட்டேன் என்று சத்தம் போட்டார், வரிசை அவரை வெட்கப்படவைத்தது. இரண்டாம் வரைவில் தேவதை ஆக்கினேன். ‘கண்ணீர் மல்க, தன் கேனைக் கவிழ்த்து’ (வேண்டாம். அவர் கேன் அப்போது காலிதான்.)

நடந்தது இது. பின்னாலிருந்து ஒருவர், அப்படியானால் அடுத்த லாரி எப்போது என்று கேட்டார். நாளை மதியம் இருக்கலாம், தெரியாது என்றார் குனிமி. இசோபே அசானோவைத்தான் முறைத்தார்.

“ஏம்மா, குழாயத் தொறக்கிற வரைக்கும் எங்க போயிருந்த? எங்க பாப்பாவும் உசுரோட இருக்கணும்ல?”

அசானோ லாரிக் கதவை விடவில்லை. இசோபே கேனைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போனார். கெட்டிலோடு திரும்பி வந்தார்.

“பால் கலக்க இதுல மட்டும் ஊத்திட்டுக் கெளம்புங்க. நின்னு பேசிட்டிருந்தா ரெண்டு பக்கமும் போயிரும்.”

குனிமி ஊற்றினார். வரிசையிலிருந்து ஒருவர் விலகி லாரி திரும்ப வழி விட்டார், பிறகு எல்லாரும் விலகினார்கள். அன்று கூடத்தில் பனியை உருக்கிக் காய்ச்சிக் குடித்தார்கள். மறுநாள் மாலைதான் அடுத்த லாரி வந்தது.

4

மேலே இயந்திரங்கள் ஐந்து. ஐந்து பேர், மறுபடி ஐந்து பேர், கடைசியாக உகாஜி என்ற படகுத் தச்சர். இளையவர்கள் முதலில் போகட்டும் என்று அவரே சொல்லிவிட்டாராம். மூன்று மணி நேரம் முடிய இருபது நிமிடம் இருக்கும்போது தொட்டி காலியானது. போதும், உடம்பு லேசாகிவிட்டது என்று அசானோவிடம் சொல்லியிருக்கிறார். பனி விட்ட பிறகு அவரை நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே போன ஆறாம் நாள் இறந்தார். ஏற்கெனவே பலவீனமான இதயம், அந்த இருபது நிமிடத்தால் எதுவும் மாறியிருக்காது என்று மருத்துவர் சொன்னார்.

மருத்துவர் சொன்னதை நான் நம்பலாம்.

5

இரண்டு வரைவுகளிலும் வரிசையின் முதல் ஆளுக்கு நான் பெயர் வைக்கவில்லை. ஒன்றில் கறுப்புக் கோட்டுக்காரர். இன்னொன்றில் அந்த ஆளே இல்லை.

அது நான். கேனுக்கு இருபது லிட்டர். குனிமி பேசி முடிக்கும்வரை அவற்றைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றேன். திருப்பி ஊற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பனியில் இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ஒரு கேன் தண்ணீரில் சோறு சமைத்தேன், தேநீர் போட்டேன். மற்றதைக் கழிவறையில் ஊற்றினேன். நான்கு நாள் நாற்றம். அது போனதும் சந்தோஷமாக இருந்தது. இதையும் எழுதத்தான் வேண்டும்.

6

போன வாரம் இசோபேயின் கடைக்குப் போனேன். அவர் முடி வெட்டும்போதே கதையைச் சொன்னேன், என்னையும் சேர்த்து. கத்தரி ஒரு கணம்கூட நிற்கவில்லை.

“நீங்கதான் முன்னாடி நின்னீங்கன்னு எனக்குத் தெரியுமே.”

ஏன் அன்றைக்கே ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“என்னத்தச் சொல்ல. உங்க எடத்துல நான் நின்னிருந்தா நானும் தூக்கிட்டுத்தான் போயிருப்பேன். என்னைய நல்லவளா எழுதிறாதீங்க. ஊர்ல அப்புறம் தலை காட்ட முடியாது.”

பேத்தி பள்ளியிலிருந்து வரும் நேரம் என்று சொல்லி, துணியை உதறி என்னை எழுப்பிவிட்டார்.

7

மலர்க்காரர்கள் ஒரு முடிவு கேட்கிறார்கள். இரண்டு வைத்திருக்கிறேன். ஒன்றில் நான் கேன்களைத் திருப்பி ஊற்றுகிறேன், உகாஜி மூன்று மணி நேரத்தையும் முடித்துவிட்டு வசந்தத்தில் ஒரு படகு செய்கிறார். மற்றதில் ஊற்றுகிறேன், அவர் அதே ஆறாம் நாள் இறக்கிறார், நான் நிம்மதியாகத் தூங்குகிறேன். இரண்டாவதைத்தான் பல தடவை எழுதிப் பார்த்தேன். அது உகாஜிக்கான முடிவே அல்ல என்று எனக்கே தெரிகிறது.

ஆகையால் அந்த இடத்தைக் காலியாக விட்டு அனுப்புகிறேன். வாசிக்கும் நீங்கள் அதை நிரப்பிக்கொள்ளலாம். ஒன்றே ஒன்று: அவர் பெயரை மட்டும் மாற்றிவிடாதீர்கள். உகாஜி ரியோஹெய், வயது எழுபத்து மூன்று. மூன்று மணி நேரத்தின் கடைசி