பாதம் கழுவிக்கொண்டவன்

பிராங்க்ளின் சொன்னது பச்சைப் பொய். பழவேற்காடு ஏரியில் இறால் நிறைய விழும் இடத்தில் முறை வைத்துத்தான் வலை போடுவார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். அடுத்தவன் பாடு வந்த நாளில் வீரராகவன் விடியற்காலையில் திருட்டுத்தனமாக வலை போட்டதைக் கண்ணால் பார்த்ததாக, மீனவர் பஞ்சாயத்தில் கழுத்து ஜெபமாலையைப் பிடித்துச் சத்தியம் செய்தான்.

காரணத்தைக் கேட்டால் காறித் துப்புவீர்கள். பிராங்க்ளின் பைபர் படகுக்கு ஒட்டுப் போடுகிறவன். "நீ ஒட்டுன லட்சணத்துக்கு ஏரியே படகுக்குள்ள வந்துடுச்சு" என்று வீரராகவன் டீக்கடையில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டான். அந்தக் கடுப்புதான்.

பஞ்சாயத்து நம்பிவிட்டது. பாடே இல்லாத ஆள், இவனுக்குப் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தார்கள். வீரராகவனின் பாடு உரிமையைப் பறித்தார்கள். அவன் காட்டுப்பள்ளித் துறைமுகத்துப் பக்கம் மூட்டை தூக்கப் போனான்.

பிராங்க்ளினுக்கோ ஊரில் ஏக மரியாதை. பெரிய வியாழன் பூசையில், இயேசு தம் சீடர்களுக்குச் செய்ததுபோல் பாதம் கழுவப் பன்னிரண்டு பேரைத் தேடிய பாதிரியார், உண்மைக்கு அஞ்சாதவன் என்று அவனையும் சேர்த்துக்கொண்டார். இதைவிட அநியாயம் உண்டா!

மனைவி பிலோமினாவுக்கு மட்டும் தெரியும். அந்த விடியற்காலை அவன் காய்ச்சலில் முனகிக்கொண்டு வீட்டில் கிடந்தான்; கஞ்சி ஊட்டியவளே அவள்தான்.

"அங்க போய் குந்தாத. வீரராகவன் வூட்டு வாசல்ல போய் நில்லு," என்றாள்.

"ஊர் முன்னால என் மானம் போவணுமா? வாய மூடு."

வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தான். பாதிரியார் குனிந்து காலைக் கழுவி, துடைத்து, முத்தமிட்டபோது உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் இழுத்துக்கொள்ளவில்லை.

வெளியே பிலோமினா மகள் ஜாக்குலினின் கையைப் பிடித்தபடி நின்றாள்.

"பேதுரு வேணாம் ஆண்டவரேன்னாரு. யூதாஸ்தான் பேசாம காலை நீட்டிக்கினு குந்தியிருந்தான்."

"இன்னாடி சொல்ற?"

"திருப்பாலைவனத்துல எங்கம்மா வூட்டுக்குப் போறேன். பஞ்சாயத்துல நெசத்தைச் சொல்லு, வரேன். இல்லன்னா உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்."

வெள்ளியும் சனியும் பஞ்சாயத்துக் கட்டடம் வரை போய்ப் போய்த் திரும்பினான். பாழாய்ப்போன மரியாதை அவனை விடவில்லை.

ஈஸ்டர் பூசைக்குத் தனியாகப் போனவனுக்கு முன்வரிசையில் இடம் விட்டார்கள். பூசை முடிந்ததும் பாதிரியார், "பிலோமினா எங்கப்பா, காணோமே?" என்று கேட்டார்.

"அவங்கம்மாவுக்கு உடம்பு சரியில்ல ஃபாதர்," என்றான் பிராங்க்ளின்.